கல்யாணம் ஒரு வகைத் திவசம்

புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்று என் அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்: வெங்கிடாசலம். கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகு ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சுமாரான உயரம், சுமாரான நிறம், சுமாரான சர்க்கரை வியாதி. அவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவர் பைத்தான் படித்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

பைத்தான் என்றதும் யாரும் பயப்பட வேண்டாம். அது கம்ப்யூட்டருக்கு உத்தரவு எழுதுகிற ஒரு பாஷை. ஓய்வு பெற்ற ஓர் ஆண்பிள்ளை கையில் அதைக் கொடுக்கும்போதுதான் பயப்பட வேண்டும்.

நான் சமையல்காரி. பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த காலத்தில், எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் திவசத்துக்கு ஆள் கிடைக்காமல் நான் போய்ச் சமைத்தேன். பிறகு எர்ணாகுளம் ஃபிளாட்டுகளிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். அங்கே மாமியார் ஊரில் இருப்பாள், மருமகள் ஆபீஸில் இருப்பாள், திதி மட்டும் தவறாமல் வந்துவிடும். திவசச் சமையல் லேசுப்பட்டதில்லை. மிளகாய் கூடாது, பெருங்காயம் கூடாது, மிளகும் சீரகமும்தான். பிரண்டைத் துவையலும் எள்ளுருண்டையும் மந்திரம் சொல்லி நடத்தி வைக்கிற வாத்தியார் முகம் சுளிக்காதபடி இருக்க வேண்டும். அப்புறம் சீமந்தம், பூணூல், கல்யாணச் சத்யை விருந்து என்று என் அடுப்பு பெரிதாகிக்கொண்டே போயிற்று. ஊரில் இதற்கு என்ன பேர் தெரியுமா? ‘வெங்கிடாசலம் ஆத்துச் சமையல்.’ பந்தியில் யாராவது தயிரில் செய்த காளன் பிரமாதம் என்றால் இவர் கை கூப்பிக்கொள்வார். அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்று இவருக்கு இன்றைக்கும் தெரியாது.

ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் இவர் என் சமையலறைக்குள் வந்து நின்று, கடுகு டப்பா ஏன் மேல் தட்டில் இருக்கிறது என்று கேட்டார். அதற்கு அடுத்த நாள், அரிசி களைந்த தண்ணீரை இன்னும் சிக்கனமாகப் பயன்படுத்தலாம் என்றார். நான் என் அண்ணா பெண் ஸாதனாவைக் கூப்பிட்டு அழாத குறையாகச் சொன்னேன். அவள் காக்கநாட்டில் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவள்.

"அத்தை, அத்திம்பேருக்கு ஏதாவது வேலை குடு. இல்லேன்னா உன்னை மேனேஜ் பண்ண ஆரம்பிச்சுடுவார்" என்றாள். அவளே ஓர் ஆன்லைன் வகுப்பில் சேர்த்தும் விட்டாள். செய்த பாவத்துக்கு இன்றுவரை சனிக்கிழமைதோறும் வந்து அனுபவிக்கிறாள்.

வகுப்பு முடிந்ததும் சர்டிஃபிகேட் வந்தது. அதை வாசித்துப் பார்த்தேன். வகுப்பில் கலந்துகொண்டார் என்றுதான் போட்டிருந்தது, கற்றுக்கொண்டார் என்று எங்கும் இல்லை. இவர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு பூஜை அறையில் குருவாயூரப்பனுக்குப் பக்கத்தில் மாட்டினார். வாட்ஸ்அப்பில் பேருக்குக் கீழே ‘டெவலப்பர்’ என்று போட்டுக்கொண்டார். என்னத்தை டெவலப் செய்யப் போகிறார் என்று கேட்டேன்.

"உன் பிசினஸைத்தான். எல்லாம் ஆட்டோமேட்டிக் ஆக்கப் போறேன். நீ வெறுதே சமைச்சாப் போறும்" என்றார்.

வெறுதே! விடியற்காலையில் எழுந்து நூறு இலைக்குச் சமைப்பது வெறுதே.

முதலில் திவசத்துக்கு எழுதினார். இந்த பாஷையில் கிளாஸ் என்று ஒன்று உண்டாம். ஸாதனா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்: கிளாஸ் என்பது இட்லித் தட்டின் குழி மாதிரி; அதில் வார்த்து எடுக்கிற ஒவ்வோர் இட்லியும் ஓர் ஆப்ஜெக்ட். திவசம் என்று ஒரு கிளாஸ் எழுதி வைத்துவிட்டால், அந்த அச்சிலிருந்து பாலஸ் ரோடு மேனேஜர் வீட்டுத் திவசம், இடப்பள்ளி டாக்டர் வீட்டுத் திவசம் என்று எத்தனை வேண்டுமானாலும் வார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் திதி, கோத்திரம், இலைக்கணக்கு எல்லாம் தனித்தனி. யோசனை நல்ல யோசனைதான். நான் குறை சொல்லவில்லை.

இரண்டு நாள் அது ஓடவே இல்லை.

"ஸாதனா, இந்த லேப்டாப் கேடாச்சுன்னு தோணறது" என்றார் போனில்.

"லேப்டாப் ஒண்ணும் கேடாகலை, அத்திம்பேர். ஒவ்வொரு வேலைக்கும் முதல்ல ‘செல்ஃப்’னு எழுதணும். அதை மறந்துட்டேள்."

"அதை எதுக்கு எழுதணும்? அதுக்கே தெரியாதா?"

"எந்தத் திவசத்தோட வேலைன்னு அதுக்கு எப்படித் தெரியும்? நாமதான் சொல்லணும்."

தன்னைச் சேர்த்துக்கொள்ள என் புருஷன் மறந்துபோனது இத்தனை வருஷ வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அதைச் சரி செய்ததும் முதல் செய்தி என் போனிலேயே வந்து விழுந்தது. சமையல் ஆட்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் அதுவாகவே அனுப்புகிறதாம். ‘நாளை திவசம். வாசலில் கோலம் போடக் கூடாது. காக்கை பிண்டம் எடுத்த பிறகே அன்னம் பரிமாற வேண்டும்.’ எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசி வரியில் கண் நின்றது. ‘இப்படிக்கு, வெங்கிடாசலம், உரிமையாளர்.’

"இதாரு உரிமையாளர்?" என்றேன்.

"அது சும்மா ஒரு பேர்டி. கிளாஸுக்குள்ளயே எழுதி வெச்சாச்சு. இனி அதைத் தொட்டா எல்லாம் கேடாகும்."

"என் பேரை எழுதியிருந்தா கேடாகுமா?"

"உன் பேர் நீளம், ஸ்வர்ணம்."

ஸ்வர்ணலதாவைவிட வெங்கிடாசலம் நீளம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. எனக்கு வருத்தம் என்றால் அப்படியொரு வருத்தம். ஊர்க்காரர்கள் வாயில் அவர் பேர் வந்தது பழக்கதோஷம், போகட்டும். கூட இருந்து பார்க்கிறவர், யோசித்து உட்கார்ந்து எழுதும்போதும் அதையே எழுதினார். நான் உள்ளே போய்த் தேங்காய் துருவினேன். அன்றைக்குத் துருவிய தேங்காய் மறுநாளைக்கும் மிச்சம் இருந்தது.

அடுத்தது பாலஸ் ரோட்டில், ஓய்வு பெற்ற ஒரு பேங்க் மேனேஜர் வீட்டில். அவருடைய அப்பாவுக்குத் திவசம். தகப்பன், பாட்டன், முப்பாட்டன் என்று மூன்று தலைமுறைப் பேரையும் சொல்ல வேண்டும் அல்லவா? இனி வாத்தியார் யாரிடமும் கேட்க வேண்டாம், எல்லாம் போனில் வந்துவிடும் என்று இவர் சொல்லியிருந்தார். வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைப் பார்த்து முதல் பேரைச் சொன்னதும், உள் அறையிலிருந்து மேனேஜரின் அம்மா கேட்டாள்.

"அது ஆரு, பரமேஸ்வரன்?"

"உங்க ஆத்துக்காரர்தானே மாமி?"

"என் ஆத்துக்காரர் பேர் அனந்தராமன்! பரமேஸ்வரன்னு ஒருத்தரை நேக்குத் தெரியவே தெரியாது!"

வாத்தியார் திரையை மேலே தள்ளிக்கொண்டே போனார். பேர்கள் முடியவில்லை. "இருக்கார் மாமி, அனந்தராமனும் இருக்கார். கொஞ்சம் கீழே இருக்கார்" என்றார். மேனேஜர் ஈர வேஷ்டியோடு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் அடுப்படியில் வாயை முந்தானையால் மூடிக்கொண்டேன். சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது.

சனிக்கிழமை ஸாதனா வந்து பார்த்துவிட்டு ஒரே நிமிஷத்தில் சொன்னாள். முன்னோர்களின் பேரை வைக்கிற லிஸ்டை இவர் கிளாஸின் தலையிலேயே எழுதி வைத்துவிட்டாராம். அப்படி எழுதினால் அது அச்சுக்குச் சொந்தம். அதிலிருந்து வார்த்த எல்லாருக்கும் பொது. ஒருவர் தன் அப்பா பேரைச் சேர்த்தால் எல்லாருக்கும் அப்பா ஆகிவிடுவார்.

"எல்லா இலைக்கும் நடுவுல ஒரே கிண்ணத்துல சட்னி வெச்சிருக்கேள், அத்திம்பேர். ஒருத்தர் தொட்டது எல்லாருக்கும் எச்சில். ஒவ்வொரு திவசமும் உண்டாகறச்சே அதுக்குன்னு ஒரு கிண்ணம் தனியா உண்டாகணும். லிஸ்டை உள்ளே, அது பிறக்கற எடத்துல எழுதுங்கோ."

எழுதினார். சரியாயிற்று. தெருவில் கேட்டவர்களிடம், சர்வர் பக்கம் ஒரு டெக்னிக்கல் பிரச்சனை என்று சொன்னார். மட்டாஞ்சேரி ஆண்கள் எல்லாரும் ஒரு வாரம் ஒரே தகப்பனுக்குப் பிறந்திருந்தார்கள். அது சர்வர் பக்கத்துப் பிரச்சனையாம்!

இதற்கப்புறம் திவசம் ஒழுங்காக ஓடியது. உள்ளதைச் சொல்ல வேண்டும். திதி முந்தியே தெரிந்தது, ஆட்கள் நேரத்துக்கு வந்தார்கள். இவரும் கடுகு டப்பா பக்கம் வரவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் சுதீரின் பெண் கல்யாணம் வந்தது.

சுதீர் எங்கள் தெருக்காரர். வல்லார்பாடம் கண்டெய்னர் டெர்மினலில் வேலை. பெண் சுபாஷிணி நான் பார்க்கப் பிறந்தவள். மாப்பிள்ளை வீடு பாலக்காடு. மாப்பிள்ளையின் அப்பா, அந்தச் சம்பந்தி இருக்கிறாரே, அவர் சாப்பாட்டில் தேர்ந்தவர். ஓலனில் தேங்காய்ப்பால் ஒரு கரண்டி குறைந்தால் அக்ரஹாரம் முழுக்கத் தெரியப்படுத்துகிறவர். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. எங்கள் சமூகத்தின் கல்யாண மண்டபத்துச் சமையலறையை நிரந்தரமாக ஒருவர் பொறுப்பில் விடப் போகிறார்கள் என்றும், இந்தக் கல்யாணத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்வார்கள் என்றும் மண்டபத்துச் செக்ரட்டரி சொல்லியிருந்தார். அந்த அடுப்புகளை நான் பார்த்திருக்கிறேன். வரிசையாக, இடுப்பு உயரத்தில், குனிய வேண்டாம். மேலே புகை போகிற வழி. என் வீட்டுப் பின்கட்டில் முதுகு ஒடிய நின்று சமைத்தவளுக்கு அது சொர்க்கம். எனக்கு அது வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இந்த வயதில் வேறு எதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

இவர் கல்யாணத்துக்கும் புரோகிராம் எழுதுகிறேன் என்றார்.

"கல்யாணத்துக்குப் புதுசா எழுதணுமே, நேரம் இருக்கா?" என்றேன்.

"எதுக்குப் புதுசா? திவசம் நன்னா ஓடிண்டிருக்கு. அதுலேர்ந்து கல்யாணத்தை எடுத்துண்டா ஆச்சு. அப்பா சொத்து பிள்ளைக்கு வர மாதிரி எல்லாம் தானா வந்துடும். வேண்டியதை மட்டும் மாத்தினாப் போறும். பேரை மாத்தறேன், மெனுவை மாத்தறேன், இலையை மாத்தறேன்."

"திவசத்துலேர்ந்தா கல்யாணம்?"

"ஏன், என்ன வித்யாசம்? ரெண்டுலயும் கோத்திரம் கேக்கறா. மூணு தலைமுறை பேர் சொல்றா. வாத்தியார் உண்டு, ஹோமம் உண்டு, இலை உண்டு, தட்சிணை உண்டு. ஒருத்தன் புகையில உக்காந்து அர்த்தம் தெரியாம மந்திரத்தைத் திருப்பிச் சொல்றான்."

சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்கு அப்போது தெரியவில்லை. பாயசத்துக்குப் பாலடைப் பிரதமன், அப்புறம் காளன், ஓலன், எரிசேரி, அவியல், புளியிஞ்சி என்று மெனுவைச் சொன்னேன், எழுதிக்கொண்டார். என் கவலையெல்லாம் பால் நேரத்துக்கு வருமா என்பதில்தான்.

கல்யாணத்தன்று விடியும் முன்பே நான் மண்டபத்துச் சமையலறைக்குள் போய்விட்டேன். போன் எங்கோ பையில். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்பு சுதீரின் மனைவி மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"மாமி, வாசல்ல ஒரு புள்ளிகூடக் கோலம் இல்லை! மாப்பிள்ளை ஆத்துக்காரா எல்லாரும் பாத்துண்டே உள்ளே வரா!"

கோலம் போடுவது சந்தனமாரியின் வேலை. தென்காசிப் பக்கத்துக்காரி, என்னிடம் காய் நறுக்குகிறவள். கோலத்தில் அவளை அடிக்க ஆளில்லை. கூப்பிட்டுக் கேட்டேன்.

"போன்ல கோலம் போடக் கூடாதுன்னுல்லா வந்திருந்திச்சி மாமி. கல்யாண வீட்ல இப்படி ஒரு மொறையான்னு நானும் நெனச்சேன். ஐயா போட்டா சரியாத்தான இருக்கும்னு விட்டுட்டேன்."

போய் உடனே கோலம் போடு என்று அவளை விரட்டினேன். தாலி கட்டியாயிற்று, மாப்பிள்ளை வீட்டாரைப் பந்தியில் உட்கார வைத்தாயிற்று. பிரதமனைக் கடைசியாக ஒரு கிண்டு கிண்டி, நானே எட்டிப் பார்க்கலாம் என்று கூடத்துக்கு வந்தேன். இலை நிறையப் பதார்த்தம் பரிமாறியிருந்தது. சோறு மட்டும் இல்லை. சம்பந்தி நடு இலையில் உட்கார்ந்து புளியிஞ்சியைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்க்கிறார். பரிமாறுகிற ஆட்கள் சோற்று வாளியோடு சுவரோரம் வரிசையாக நிற்கிறார்கள். ஒருவரும் அசையவில்லை.

"ஏன் நிக்கறேள்? அன்னம் போடுங்கோ!"

"சுப்புராஜ் அண்ணன் இன்னும் வரச் சொல்லலியே மாமி."

சுப்புராஜ்தான் பரிமாறுகிறவர்களுக்கு மேஸ்திரி. சந்தனமாரி ஊர்க்காரர், பேச்சு மாறாத மனுஷர். பின்பக்கம் ஓடினேன். மதில் மேல் ஓர் இலைத் துண்டில் சோறும் பருப்பும் நெய்யும் வைத்துவிட்டு, வானத்தைப் பார்த்து அவர் "கா, கா" என்று கத்திக்கொண்டிருந்தார். தொண்டை கட்டியிருந்தது.

"என்ன பண்றேள் சுப்புராஜ்?"

"காக்கா எடுத்தப் பொறவுதான் சோறு போடணும்னு போன்ல வந்துருக்குல்லா? எம்புட்டு நேரமாக் கூப்பிடுதேன், ஒண்ணுகூட வர மாட்டேங்கு மாமி. எல்லாம் மீன் மார்க்கெட்டுக்குப் போயிட்டு போல."

கொச்சிக் காக்கைக்குப் பருப்புஞ்சோறு எதற்கு? அயலையும் மத்தியுமாக மீன் குவிந்து கிடக்கிற ஊர். நான் அவரை நிறுத்தச் சொல்ல வாயெடுப்பதற்குள் எங்கிருந்தோ ஒரு நோஞ்சான் காக்கை வந்து ஒரு பருக்கையைக் கொத்திவிட்டது. சுப்புராஜ் என்னைத் தாண்டி ஓடினார். பிடிக்க முடியவில்லை. கூடத்தின் வாசலில் நின்று, கட்டின தொண்டையால் முழுச் சத்தத்தில் அறிவித்தார்.

"காக்கா எடுத்திட்டு! இனி சோறு போடலாம்!"

மாப்பிள்ளை வீட்டுப் பந்தி மொத்தமும் நிமிர்ந்தது. சம்பந்தி மெல்ல எழுந்து நின்றார்.

"கல்யாணத்துக்குக் காக்காயா? எங்காத்துல ஆர் போயிட்டா?"

சுபாஷிணி மாலையோடு நின்றவள் அப்படியே வெளுத்துப்போனாள். நான் கை கூப்பினேன், தப்பாயிடுத்து, மன்னிக்கணும் என்றேன். அவர் கேட்கவில்லை. "எல்லாரும் எழுந்திருங்கோ. எர்ணாகுளத்துல எத்தனையோ ஹோட்டல் இருக்கு" என்றார். அந்தப் பந்தி சாப்பிடாமல் எழுந்திருந்தால் என் அடுப்பில் அப்புறம் பூனைதான் படுத்திருக்கும். மண்டபத்துச் செக்ரட்டரி தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இவர் எங்கே என்று தேடினேன். கூடத்தின் கோடியில் நாற்காலியில் உட்கார்ந்து, போனில் எல்லாருக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

காப்பாற்றியவன் மாப்பிள்ளை. விடியற்காலையிலிருந்து பட்டினி கிடந்த பையன்.

"அப்பா, நேக்குப் பசிக்கறது" என்றான். "காக்கா எடுத்தா எடுத்துண்டு போகட்டும். அதுக்கும் பசிச்சிருக்கும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்து, சோறு வாங்கிக்கொண்டான். பிள்ளை உட்கார்ந்தால் அப்பா நிற்க முடியாது. சம்பந்தியும் உட்கார்ந்தார். காளனை இரண்டு தடவை கேட்டு வாங்கினார். முகத்தை மட்டும் கடைசிவரை உர்ரென்று வைத்துக்கொண்டார். பிரதமன் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். தப்பித்தோம் என்று நான் சமையலறைப் படியில் உட்கார்ந்தேன்.

கிளம்புகிற நேரம். எல்லாரும் தாம்பூலத்தை வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். சம்பந்தி சுதீரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ நல்ல வார்த்தை சொல்ல ஆரம்பித்திருந்தார். அப்போது மண்டபத்தில் இருந்த அத்தனை போனும் ஒன்றாகச் சத்தம் போட்டன. அழைப்பு அனுப்புவதற்காக விருந்தாளிகளின் நம்பரையெல்லாம் சுதீர் இவரிடம் கொடுத்திருந்தார். திவசம் என்ற அந்தக் கிளாஸில் இவர் பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள் என்று துக்க வீட்டு வழக்கங்களையும் சேர்த்து வைத்திருந்தார். சம்பந்தி தன் போனை எடுத்து, கையை நீட்டிப் பிடித்து, உரக்க வாசித்தார்.

"‘சாப்பாடு முடிந்தது. போய்விட்டு வருகிறேன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பவும். மீண்டும் வருக என்று நாங்கள் அழைப்பதில்லை. இப்படிக்கு, வெங்கிடாசலம், உரிமையாளர்.’"

அவர் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினார்.

சாயங்காலத்துக்குள் பாலக்காடு முழுக்க அந்தச் செய்தி சுற்றிவிட்டது. மறுநாள் காலையில் என் போன் அடிக்க ஆரம்பித்தது. யார் யாரோ, தெரியாத குரல்கள். "ஸ்வர்ணலதாதானே? உரிமையாளர்தானே?" என்று கேட்டுவிட்டுத் திட்டினார்கள். என் நம்பர் எப்படிக் கிடைத்தது, உரிமையாளர் என்று யார் சொன்னார்கள் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் சுதீரே ஒரு செய்தியை அனுப்பி வைத்தார். ராத்திரி எல்லா விருந்தாளிகளுக்கும் போன மன்னிப்புச் செய்தி. ‘இன்றைய தவறுகளுக்கு நாங்களே முழுப் பொறுப்பு. மன்னிக்க வேண்டுகிறோம். இப்படிக்கு, ஸ்வர்ணலதா, உரிமையாளர்.’ கீழே என் நம்பர்.

நான் அதை மூன்று தடவை வாசித்தேன். பிறகு எழுந்து போய் இவர் முன்னால் போனை வைத்தேன்.

"இதை மாத்தினா எல்லாம் கேடாகும்னேளே?"

இவர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். "அவசரத்துல மாத்திட்டேன், ஸ்வர்ணம். உன் பேர்னா கொஞ்சம் தணிஞ்சு பேசுவான்னு..." என்றார். காளனுக்குக் கை கூப்பியவர்! அன்று நான் அவரோடு பேசவில்லை. பேசினால் என்ன பேசியிருப்பேனோ, எனக்கே பயமாக இருந்தது.

ஆனால் போன் நிற்கவில்லை. ஒரு வாரத்தில் பேச்சு மாறிற்று. "அந்தக் காக்காச் சாப்பாடு உங்களோடதா மாமி? எங்க சித்தப்பா காளனைப் பத்தியே பேசிண்டிருக்கார்" என்றது ஒரு குரல். "இவ்வளவு நாளா வெங்கிடாசலம்னு ஒரு ஆண்பிள்ளை சமைக்கறார்னு நெனச்சேன்" என்றது இன்னொன்று. அப்புறம் மண்டபத்துச் செக்ரட்டரி கூப்பிட்டார். சம்பந்தியிடம் அவர் நேரிலேயே விசாரித்தாராம். செய்தியை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது, பிரதமனை நினைத்தால் போய்விடுகிறது என்று சொன்னாராம் அந்த மனுஷர். "ஸ்வர்ணலதாங்கற பேர்ல எழுதிக்கலாமா மாமி? மண்டபத்துச் சமையல் இனி உங்க பொறுப்பு. காக்காயை மட்டும் கூட்டிண்டு வராதீங்கோ" என்றார். அந்த அடுப்புகளின் முன்னால் முதல் நாள் நின்றபோது எனக்கு அழுகை வந்தது; அழுதேன்.

சனிக்கிழமை ஸாதனா வந்தாள். லேப்டாப்பைத் திறந்து ஒரு வரியைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அத்திம்பேர், கல்யாணம்னு எழுதி பக்கத்துல அடைப்புக்குள்ள திவசம்னு எழுதியிருக்கேளே. இதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா? கல்யாணம் ஒரு வகைத் திவசம்னு அர்த்தம்."

"அதுல என்ன தப்பு?" என்றேன் நான். "அனுபவத்தை எழுதியிருக்கார்."

"நீ சும்மா இரு அத்தை. அத்திம்பேர், அடைப்புக்குள்ள எழுதறதுக்கு முன்னாடி வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கோ. திவசம் ஒரு விசேஷம். சரியா இருக்கா? கல்யாணம் ஒரு விசேஷம். அதுவும் சரி. கல்யாணம் ஒரு திவசம். சொல்றதுக்கே நாக்கு கூசறதில்லையா? கூசினா எழுதக் கூடாது. ரெண்டுலயும் கொஞ்சம் ஒத்துப்போறதுங்கறதுக்காக ஒண்ணை இன்னொண்ணுக்குப் பிள்ளையாக்கினா, நீங்க மாத்த மறந்ததெல்லாம் அப்படியே வந்து ஒட்டிக்கும். கோலம், காக்கா எல்லாம் அப்படித்தான் வந்தது."

அவள் எல்லாவற்றையும் பிரித்தாள். விசேஷம் என்று பொதுவாக ஒன்று. அதில் தேதி, இடம், இலைக்கணக்கு மட்டும். காக்கை திவசத்தோடு போயிற்று, கோலம் கல்யாணத்துக்கு வந்தது. இவர் பக்கத்தில் உட்கார்ந்து பாவமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். முடிகிற நேரத்தில் தொண்டையைக் கனைத்தார்.

"அந்த உரிமையாளர் பேரை மட்டும் பழையபடி..."

"அதுவும் தப்புதான், அத்திம்பேர். பேரைக் கிளாஸுக்குள்ள நிரந்தரமா எழுதி வைக்கக் கூடாது. வெளியிலேர்ந்து கேட்டு வாங்கணும்."

அப்படியே செய்துவிட்டாள். இப்போது தினமும் காலையில் புரோகிராமைத் திறந்ததும் அது முதலில் கேட்கிறது: உரிமையாளர் யார்? பதில் எழுதாமல் அது நகராது. இவர் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறார். நான் காப்பியைக் கொஞ்சம் தாமதமாகக் கொண்டுபோகிறேன், முழுப் பேரும் வரும்வரை நின்று பார்ப்பதற்காக.

போன வாரம் ஒரு நாள் என் போனில் செய்தி வந்தது. ‘இப்படிக்கு, வெங்கிடாசலம், உரிமையாளர்.’ எட்டிப் பார்த்தேன். இவர் கூடத்தில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். அடுப்பை அணைத்தேன், கையைத் துடைத்தேன், ஃபேனுக்குக் கீழே போய்க் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

"மாமி, ஒல வைக்கலியா? சீமந்த வீட்டுக்கு நேரமாவுதே" என்றார் சுப்புராஜ்.

"ஓனர் உக்காந்திருக்கார், சுப்புராஜ். அவர்கிட்டக் கேளுங்கோ."

சுப்புராஜ் எதையும் இரண்டாம் தடவை யோசிக்கிறவர் இல்லை. முழுச் சேனைக்கிழங்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு நேரே கூடத்துக்குப் போனார். "ஐயா, இதுல எரிசேரிக்கு எம்புட்டு, காளனுக்கு எம்புட்டு? துண்டு பெருசா, சிறுசா?" என்று கேட்டார்.

இவர் சேனையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சேனையைப் பார்த்தார். பிறகு எழுந்து லேப்டாப் இருக்கிற அறைக்குள் போனார். ஒற்றை விரல் தட்டுகிற சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் என் போனில் புதுச் செய்தி வந்தது. கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு, எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.